கறுப்புத் திரையில் தொலைந்த சொற்கள்

எங்கள் உம்மும்மா முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்றில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்குப் போனவர், இருபது வருடங்களுக்கு மேல் அங்கே இருந்துவிட்டு இப்போது எங்களோடு வவுனியாவில் இருக்கிறார். வயலையும் குளத்தையும் பற்றிப் பேசும்போது அவர் வாயில் வரும் சொற்கள் பல எனக்குப் புதியவை. குளத்து நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகை அவர் ‘துருசு’ என்பார். குளத்து நீர் பரந்து வந்து தொடும் ஓரம் ‘அலைகரை’. வெட்டிய கதிரை அடுக்கிய போர் ‘சூடு’. வயலும் பயிர்ச்செய்கையும் ‘கமம்’.

இந்தச் சஞ்சிகையின் சொற்கோவைப் பக்கத்துக்காக உம்மும்மாவிடம் கேட்டு 143 சொற்களைச் சேர்த்தேன். அவற்றை நானே தொலைத்தேன். எப்படித் தொலைத்தேன் என்பதும் அதிலிருந்து கற்ற பாடமும்தான் இக்கட்டுரை. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் தங்கைகளுக்கு இது பயன்படும். கணினியில் தமிழ் எழுதும் பெற்றோருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

செய்நிரல் எதற்கு?

சொற்களை அகரவரிசைப்படுத்த வேண்டியிருந்தது. கணினி தானாக வரிசைப்படுத்தினால் எழுத்துகளின் யுனிக்கோட் எண்களைப் பார்த்தே வரிசைப்படுத்தும். அந்த எண் வரிசையில் ல, ள, ழ, வ என்று வரும். நாம் படித்த வரிசையோ ல, வ, ழ, ள. னகரமும் யுனிக்கோடில் நகரத்துக்கு அடுத்து நிற்கிறது. நமது வரிசையில் அது கடைசி மெய். ஆகவே நமது நெடுங்கணக்குப்படி அடுக்குவதற்குப் பைதன் மொழியில் சிறிய செய்நிரல் ஒன்று எழுதினேன். சொற்கள் இருக்கும் கோப்பை அது வாசித்து, அடுக்கி, அச்சிடும்.

வீட்டில் நானாவின் மடிக்கணினியில், பைதனோடு வரும் ‘ஐடில்’ என்ற செயலியில் அதை இயக்கினேன். அழகாக வேலை செய்தது. 143 சொற்களும் தமிழில், சரியான வரிசையில் வந்தன. கோப்பையும் செய்நிரலையும் பென் ட்ரைவுக்கு மாற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போனேன். பிரதி எடுக்காமல் வெட்டி ஒட்டினேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நானாவின் கணினியில் அதன்பிறகு எதுவும் இல்லை.

முதலாவது வேறுபாடு: நிற்கும் இடம்

ஆய்வுகூடத்தில் டீச்சர் கட்டளை வரியில் இயக்கச் சொன்னார். கட்டளை வரி என்பது கறுப்புத் திரையில் நாமே கட்டளையைத் தட்டச்சுச் செய்து கணினியை வேலை வாங்கும் முறை. அங்கே படம், பொத்தான் எதுவும் இல்லை. நானும் தட்டச்சுச் செய்தேன். “கோப்பு இல்லை” என்ற பிழைச் செய்தி வந்தது. கோப்போ செய்நிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

டீச்சர் கேட்டார், “பிள்ளை, நீங்கள் இப்போது எங்கே நிற்கிறீர்கள்?”

கட்டளை வரியில் எப்போதும் நாம் ஏதோ ஒரு கோப்புறைக்குள் நிற்கிறோம். அதன் பெயர் கட்டளைக்கு முன்னால் தெரியும். செய்நிரலில் கோப்பின் பெயரை மட்டும் எழுதினால், நாம் நிற்கும் கோப்புறையில்தான் பைதன் அதைத் தேடும். செய்நிரல் இருக்கும் கோப்புறையில் தேடாது. ஐடிலில் செய்நிரலைத் திறந்து இயக்கும்போது, ஐடில் முதலில் செய்நிரல் இருக்கும் கோப்புறைக்குப் போய் நின்றுகொள்கிறது. அதனால்தான் வீட்டில் இந்தக் குறை தெரியவில்லை. கோப்புறைக்கு மாறிவிட்டு இயக்கினேன், பிழை போய்விட்டது.

இரண்டாவது வேறுபாடு: எந்தப் பைதன்?

அடுத்ததாகத் திரையில் சொற்கள் இருக்க வேண்டிய இடத்தில் பெட்டிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சிறிய கேள்விக்குறி. பக்கத்துக் கணினியில் அதே செய்நிரலை இயக்கிய தோழிக்குப் பெட்டிகூட வரவில்லை. பிழைச் செய்தியோடு நின்றுவிட்டது.

ஒரே செய்நிரல், ஒரே கோப்பு, ஒரே அறை. ஆனால் விளைவு வேறு. காரணம், அவள் கணினியில் இருந்தது பழைய பைதன். 2016 டிசம்பரில் வெளிவந்த 3.6 பதிப்பிலிருந்து பைதன் விண்டோஸின் கறுப்புத் திரைக்கு யுனிக்கோட் எழுத்துகளை நேரடியாகக் கொடுக்கிறது. அதற்கு முந்திய பதிப்புகள் திரையின் பழைய குறிமுறைக்கு மாற்றிக் கொடுக்க முயலும். அந்தக் குறிமுறையில் தமிழ் இல்லாததால் பிழை வரும். ஒரு கணினியில் இரண்டு பைதன் பதிப்புகள் இருப்பதும் உண்டு. அப்படியானால் ஐடில் ஒன்றையும் கட்டளை வரி மற்றொன்றையும் பயன்படுத்தலாம். எனவே முதல் வேலையாகப் பதிப்பு எண்ணைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

என் திரையில் வந்த பெட்டிகளைப் பார்த்து டீச்சர், “இது பயமில்லை. எழுத்துரு இல்லாத குறைதான்” என்றார். கறுப்புத் திரைக்குத் தெரிவுசெய்திருந்த எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லை. உள்ளே இருக்கும் எழுத்து சரியானது. அதை வரைந்து காட்டத்தான் முடியவில்லை. பெட்டிகளைப் பிரதிபண்ணி வேர்ட்டில் ஒட்டினோம். ‘கமம்’ என்று தமிழிலேயே விழுந்தது.

இந்த இடத்தில் நான் ஒரு பாடத்தைப் பாதியாகப் படித்தேன். “கறுப்புத் திரையில் தமிழ் சரியாகத் தெரியாது, ஆனால் உள்ளே பத்திரமாக இருக்கும்” என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது வேறுபாடு: எந்தக் குறிமுறை?

திரைக்கு வருவதை ஒரு கோப்புக்குள் அனுப்பக் கட்டளையின் இறுதியில் > என்ற குறியை இட்டுக் கோப்பின் பெயரைக் கொடுப்பார்கள். அப்படிச் செய்தேன். இதுவரை பெட்டியாவது காட்டிய செய்நிரல் இப்போது பிழையோடு நின்றது. “இந்த எழுத்தைக் குறிமுறைக்கு மாற்ற முடியவில்லை” என்பதே செய்தியின் பொருள்.

டீச்சர் வேறு வகுப்புக்குப் போய்விட்டார். நான் அவசரப்பட்டேன். முன்பு ஒரு செய்நிரலில் பார்த்த வரி ஒன்று ஞாபகத்துக்கு வந்தது: மாற்ற முடியாத எழுத்து வந்தால் நிற்காதே, பதிலாக வேறொன்றை இடு என்று பைதனுக்குச் சொல்லும் வரி. அதைச் சேர்த்தேன். பிழை மறைந்தது. கோப்பு உருவானது. கறுப்புத் திரையில் அதைத் திறந்து பார்த்தேன். வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள். பெட்டியைப் போலத்தான் இதுவும் என்று நினைத்தேன். புதிய கோப்புக்குப் பழைய கோப்பின் பெயரையே கொடுத்து, பழையதன்மேல் பதித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சஞ்சிகைக் குழுவினர் கோப்பைத் திறந்தபோது 143 வரிகளிலும் கேள்விக்குறிகள் மட்டுமே இருந்தன. வேர்ட்டில் ஒட்டினாலும் கேள்விக்குறி. எழுத்துருவை மாற்றினாலும் கேள்விக்குறி.

என்ன நடந்தது?

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணையே சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் உடன்பாடுதான் குறிமுறை. 1991இல் வெளிவந்த யுனிக்கோடின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறைகளில் இன்று அதிகம் வழங்குவது யூ.ரி.எப்-8. அதை 1992இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் வடிவமைத்தார்கள். இம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் எடுக்கும்.

‘கமம்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. யுனிக்கோடுக்கு நான்கு குறிகள்: க, ம, ம, அதன்மேல் புள்ளி. ஆகவே கோப்பில் 12 பைட்டுகள்.

விண்டோஸில் இன்னொரு பழைய குறிமுறையும் இருக்கிறது. 1252 என்பது அதன் எண். அதில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு. மொத்தம் 256 இடங்கள் மட்டுமே. ஆங்கிலமும் மேற்கு ஐரோப்பிய மொழிகளும் அதில் உண்டு, தமிழ் இல்லை. திரைக்கு யுனிக்கோடை நேரடியாகக் கொடுக்கும் அதே பைதன், > குறியால் கோப்புக்குத் திருப்பிவிடும்போது எங்கள் கணினியில் இந்த 1252ஐப் பயன்படுத்தியது. தமிழ் எழுத்துக்கு அங்கே இடமில்லை என்று அது நேர்மையாகச் சொல்லி நின்றது. நான்தான் “பரவாயில்லை, வேறெதையாவது போடு” என்றேன். அது ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டது. ‘கமம்’ நான்கு கேள்விக்குறிகளாயிற்று. நான்கு கேள்விக்குறிகளிலிருந்து ‘கமம்’ என்பதை எந்தக் கணினியாலும் மீட்க முடியாது.

கோப்பின் அளவைப் பார்த்திருந்தாலே எனக்கு விளங்கியிருக்கும். மூன்று பைட்டுகள் இருந்த இடத்தில் ஒன்றே இருந்ததால், அளவு ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகச் சுருங்கியிருந்தது.

புள்ளியில் தடுக்கி விழும் கணினி

அடுத்த பாடவேளையில் டீச்சர் எல்லோருக்கும் ஒரு பரிசோதனை செய்து காட்டினார். ‘அலைகரை’ என்ற ஒரே சொல்லை ஒரு கோப்பிலும் ‘கமம்’ என்பதை இன்னொரு கோப்பிலும் யூ.ரி.எப்-8 முறையில் சேமித்தார். குறிமுறை எதையும் குறிப்பிடாமல் பைதனிடம் வாசிக்கக் கொடுத்தார். குறிப்பிடாவிட்டால் எங்கள் கணினியில் இருந்த பைதன் 1252 என்றே எடுத்துக்கொள்ளும்.

‘அலைகரை’ பிழையின்றி வாசிக்கப்பட்டது. ஆனால் வந்தது 18 விசித்திர எழுத்துகள். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிற்றெழுத்து ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, பிறகு ஏதோ ஒரு குறி என்று அடுக்காக வந்தன. ஆறு குறிகளின் 18 பைட்டுகளையும் கணினி 18 தனி எழுத்துகளாக வாசித்துவிட்டது.

‘கமம்’ வாசிக்கப்படவே இல்லை. 12ஆவது பைட்டில் பிழை வந்தது. பிழைச் செய்தி பூச்சியத்திலிருந்து எண்ணுவதால் 11 என்று காட்டியது. அந்தப் பைட்டு எதற்குரியது என்று பார்த்தோம். மகரத்தின் மேலுள்ள புள்ளிக்குரியது! புள்ளியின் மூன்றாவது பைட்டு, பதினறும எண்முறையில் 8டி. 1252இல் எந்த எழுத்தும் ஒதுக்கப்படாத ஐந்து இடங்களில் அதுவும் ஒன்று. உகரக் குறியும் இப்படித்தான்; அதன் கடைசிப் பைட்டு 81, அதுவும் வெற்றிடம். அதனால் ‘துருசு’ என்பதிலும் முதல் எழுத்திலேயே தடுக்கி விழும். ஏ, ஐ என்ற இரண்டு உயிரெழுத்துகளும் அப்படியே.

ஒரு கோப்பு ஒழுங்காக வாசிக்கப்படுவதும் இன்னொன்று பிழை காட்டுவதும் தற்செயல் அல்ல என்று அப்போதுதான் விளங்கியது. இரண்டுமே பிழையாகத்தான் வாசிக்கப்பட்டன. ஒன்று மட்டும் வெளியே சொன்னது.

தமிழ் பாடத்தில் படித்த ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஆனால் ஓலை கிழிந்துவிடும் என்று ஏடு எழுதியோர் புள்ளி இடாமலே எழுதினார்கள். வாசித்தவர்கள் இடம் பார்த்துப் புள்ளியைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். நமது முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளும் அப்படித்தான். இது அரபு மொழி அல்ல, அரபுத்தமிழ் என்று தெரிந்தவருக்கே அந்த எழுத்துகள் தமிழாகும். தெரியாதவர் எழுத்துக்கூட்டலாம், பொருள் கிடைக்காது. மனிதர் ஊகிப்பார், கேட்பார். கணினிக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

நான்கு அறிகுறிகள்

தமிழ் சரியாகத் தெரியாதபோது எல்லாம் ஒரே நோய் என்று நினைக்கக் கூடாது. நான் செய்த தவறு அதுதான்.

பெட்டி தெரிந்தால், எழுத்துருவில் தமிழ் இல்லை. தரவு பத்திரமாக இருக்கிறது. வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள்.

சாய்கோட்டு ‘ஏ’யும் வட்டத்து ‘ஆர்’உம் மாறி மாறி வந்தால், யூ.ரி.எப்-8 கோப்பை 1252 என நினைத்து வாசித்திருக்கிறார்கள். சேமித்துவிடாமல் மூடி, சரியான குறிமுறையோடு மீண்டும் திறந்தால் தமிழ் வரும்.

வெறும் கேள்விக்குறி வந்தால், எழுதும்போதே எழுத்து அழிந்திருக்கக் கூடும். உடனே கையை எடுங்கள். மூலக்கோப்பின்மேல் எதையும் பதிக்காதீர்கள்.

அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டதாக இருக்கலாம். பாமினியில் ‘அம்மா’ என்று தெரிவது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டிருக்கிறது. கறுப்புத் திரை அந்த வேடத்தைக் கலைத்துவிடும். யுனிக்கோடுக்கு மாற்றிய பிறகே செய்நிரலுக்குக் கொடுக்க வேண்டும். பெற்றோர் பலரின் பழைய கடிதங்களும் நமது பழைய சஞ்சிகைகளின் கோப்புகளும் இந்த வகையாக இருக்கலாம்.

என்ன செய்ய வேண்டும்?

ஐடிலில் ஓடிய செய்நிரல் கட்டளை வரியில் ஓடாவிட்டால் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். எந்தக் கோப்புறையில் நிற்கிறேன்? எந்தப் பதிப்புப் பைதன் ஓடுகிறது? எந்தக் குறிமுறையில் வாசிக்கிறது, எந்தக் குறிமுறையில் எழுதுகிறது?

கோப்பைத் திறக்கும் ‘ஓப்பன்’ கட்டளையில் ‘என்கோடிங்’ என்ற இடத்தில் யூ.ரி.எப்-8 என்று ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள், வாசிக்கும்போதும், எழுதும்போதும். நான் வாசிக்கும்போது எழுதியிருந்தேன், வெளியே அனுப்பும்போது எழுதவில்லை. விளைவைக் கோப்பாக்க > குறியை நம்பாமல், செய்நிரலே கோப்பைத் திறந்து எழுதும்படி செய்வது பாதுகாப்பானது. அந்தக் குறியைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால், 3.7 பதிப்பிலிருந்து பைதனுக்கு ‘யூ.ரி.எப்-8 நிலை’ என்று ஒன்று உண்டு. அதை முடுக்கிவிட்டு இயக்கலாம்.

பிழைச் செய்தியை மறைக்கும் வரியைச் சேர்க்காதீர்கள். பிழைச் செய்தி நம்மைத் திட்டுவதற்கு வருவதல்ல, “இதற்கு மேல் போனால் உன் எழுத்து அழிந்துவிடும்” என்று நிறுத்துவதற்கு வருவது. நான் அதன் வாயை மூடினேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூலத்தைத் தொடாதீர்கள். விளைவுக்கு வேறு பெயர் கொடுங்கள். திறந்து கண்ணால் பார்த்த பிறகும் மூலத்தை வைத்திருங்கள்.

மீண்டும் உம்மும்மாவிடம்

உம்மும்மாவிடம் சொல்லப் பயந்து இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் கேள்விக்குறித் தாளை அச்சிட்டுக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன மகள், கொக்கி கொக்கியா?”

“நீங்க சொன்ன சொல்லெல்லாம் இதுதான் உம்மும்மா. நான் பிழையாச் செஞ்சி அழிச்சிப்போட்டன்.”

அவர் கோபிக்கவில்லை. “சொல்லு அழியாது புள்ள. நான் இருக்கிறன்தானே” என்றார். பாயில் உட்கார்ந்து மீண்டும் தொடங்கினோம். இம்முறை ஒரு கொப்பியில் பேனையால் எழுதினேன்.

கேள்விக்குறித் தாளும் ஓரளவு உதவியது. சொற்கள் அகரவரிசையில் இருந்ததால் எந்தச் சொல் எந்தச் சொற்களுக்கு இடையில் வரும் என்று தெரியும். எத்தனை குறி என்பதும் தெரியும். “உம்மும்மா, ‘க’வில தொடங்கும், நாலு குறி” என்று கேட்பேன். புள்ளியும் ஒரு குறி என்று அவருக்கு விளக்கினேன். விடுகதை போல இருவரும் தேடினோம். 131 சொற்கள் திரும்பக் கிடைத்தன. 12 கிடைக்கவில்லை. முதல் தடவை சொல்லாத 26 சொற்களை இம்முறை சொன்னார். ஒரு சொல் வந்தால் அதோடு ஒரு வயலும், அந்த வயலில் நின்ற ஆட்களும் வந்தார்கள்.

இப்போது அந்தக் கோப்பு மூன்று இடங்களில் இருக்கிறது: நானாவின் கணினியில் ஒன்று, பென் ட்ரைவில் ஒன்று, டீச்சரிடம் ஒன்று. கொப்பி உம்மும்மாவின் தலையணைக்குப் பக்கத்தில். கிடைக்காத 12 சொற்களுக்கும் அதில் இடம் விட்டிருக்கிறேன். இடையிடையே ராத்தாவைக் கூப்பிட்டு, “இதையும் எழுது” என்கிறார். இதுவரை இரண்டு இடங்கள் நிரம்பிவிட்டன.

தங்கைகளே, உங்கள் வீடுகளிலும் உம்மும்மாமாரும் வாப்பும்மாமாரும் இருக்கிறார்கள். அவர்களின் சொற்களைக் கணினியில் ஏற்றுங்கள். ஏற்றும்போது எந்தக் குறிமுறை என்று எழுதிவைக்க மறவாதீர்கள். மீண்டும் கேட்க எனக்கு உம்மும்மா இருந்தார். எல்லோருக்கும் அந்த இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.